நோர்டின் குடும்பத்துக்கு ஒரு பக்கம்

எங்கள் ஹாலம் கவுண்டியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், கோதுமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். லியோட்டா கூபிசெக் அப்படி விடமாட்டாள். அவளிடம் வாய் கொடுத்தால் அன்றைய பொழுது போயிற்று. மரமே இல்லாத இந்த கான்சாஸ் சமவெளியில் வேலிக்கு என்ன செய்வது என்று திகைத்த எங்கள் முன்னோர், பூமிக்கடியில் இருந்த சுண்ணாம்புப் பாறையை அறுத்து நட்ட கல் கம்பங்களைக் காட்டுவாள். அருங்காட்சியகத்துக்குப் பின்னால், புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய புல்மண் வீட்டுக்குள் குனிந்து நுழையச் சொல்வாள். கடைசியாக, லிண்டால் ஊரில், கவுண்டி அலுவலகமும் பதிவேடுகளும் இருக்கிற கோர்ட்டுக் கட்டடத்தின் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க வைப்பாள். அந்தக் கோபுரத்தில் மூன்று பக்கம் கடிகாரம் இருக்கும். வடக்குப் பக்கம் வெறும் சுவர்.

வடக்கே இருப்பது ஸ்லாவின். எங்கள் ஊர். செக் நாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் நாங்கள். லிண்டால்காரர்கள் ஸ்வீடனிலிருந்து வந்த லூத்தரன்கள். கவுண்டியின் தலைநகரம் முதலில் ஸ்லாவின்தான். 1887-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஒட்டுமொத்தமாகப் பூசையில் முழந்தாளிட்டிருந்த நேரமாகப் பார்த்து, லிண்டால்காரர்கள் நான்கு குதிரை வண்டிகளில் வந்து பதிவேடுகள், இரும்புப் பெட்டி, நாற்காலி, மைக்கூடு வரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இதைத் திருட்டு என்போம். அவர்கள் இடமாற்றம் என்பார்கள். பிறகு கோர்ட்டு கட்டியபோது எங்கள் பக்கத்துக்கு மட்டும் கடிகாரம் வைக்கவில்லை. நான் முப்பத்தெட்டு வருடம் கவுண்டியின் மண் சாலைகளைச் சமன் செய்யும் வண்டி ஓட்டியவன். வடக்குச் சாலையில் வரும்போதெல்லாம் அந்த மொட்டைச் சுவரைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஊர்ப்பகைக்கு நடுவே, ஸ்லாவினில் பிறந்த லியோட்டா பதினெட்டு வயதில் லிண்டால் கோர்ட்டில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். எதிரி முகாமுக்குப் போய்விட்டாள் என்று எங்கள் ஊரில் ஒரு மாதம் பேச்சு. அவள் அசரவில்லை. நாற்பத்து நான்கு வருடம் அதே மேசை. இந்தக் கவுண்டியில் பிறந்தவன், மணந்தவன், செத்தவன் எவனும் அவள் கைக்குத் தப்பவில்லை. நானும் ஆர்டித்தும் கல்யாண உரிமம் வாங்கப் போனபோது, முத்திரை குத்துவதற்கு முன்னால் ஆர்டித்தைப் பார்த்து, "நல்லா யோசிச்சுட்டியாம்மா? இன்னும் மை தொடல" என்றவள் அவள்.

அவளே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அத்தனை பேரோட விண்ணப்பத்தையும் படிச்சவ நான், எனக்கெதுக்கு?" என்பாள். லிண்டாலில் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்குக் கீழே சின்ன வீடு. பீட்ரூட் ஊறுகாய்க்குக் கண்காட்சியில் பதினோரு முதல் பரிசு. சனிக்கிழமை ஸ்லாவின் மண்டபத்தில் போல்கா ஆட்டம், ஞாயிறு காலை பூசை, மதியம் இரண்டு முதல் நான்கு வரை அருங்காட்சியகத்தில் சாவியும் கையுமாக உட்காருவாள். எழுபத்தேழு வயதில் இவ்வளவு நிம்மதியாக ஒருத்தி இருக்க முடியுமா என்று எனக்குப் பொறாமையாகவே இருக்கும். அந்த நிம்மதிக்குள் ஒரு முள் இருந்தது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

முள் என்றால், புத்தகம். 1976-ல், நாட்டுக்கு இருநூறு வயதானபோது, கவுண்டி வரலாறு என்று ஒரு தடிப் புத்தகம் போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வாங்கி, தட்டச்சு செய்து, அடுக்கியது லியோட்டா. அறுநூற்றுப் பதினொரு குடும்பங்கள். பாதிக் குடும்பங்கள் தங்கள் கொள்ளுத்தாத்தா வெறுங்கையோடு வந்ததாக எழுதியிருந்தன. மீதிப் பாதி, ஒரு குதிரையோடு வந்ததாகவும் அது மறுநாளே செத்துப்போனதாகவும் எழுதியிருந்தன. லியோட்டா எதையும் திருத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரத்தைக்கூடத் திருட்டு என்று இடது பக்கத்திலும் இடமாற்றம் என்று வலது பக்கத்திலும் போட்டு, இரண்டு ஊரையும் சமாளித்தாள்.

அந்தப் புத்தகம் இங்கே எல்லா வீட்டிலும் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். யாராவது இறந்தால் போதகர் முதலில் அதைத்தான் புரட்டுவார். அதில் நோர்டின் குடும்பம் இல்லை. லிண்டாலுக்குக் கிழக்கே ஆறு மைலில் 1878 முதல் கோதுமை விதைக்கிற குடும்பம். பாதிக் கவுண்டிக்கு முன்னால் வந்தவர்கள். அவர்கள் பக்கம் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. எதையும் ஒருவரிடம் ஒரு முறைதான் கேட்போம். இரண்டாம் முறை கேட்டால், நீ சோம்பேறி, நீ மறதிக்காரன் என்று முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிடும். நோர்டின் வீட்டுப் பக்கம் கெடு நாள் வரை வரவில்லை என்றபோது லியோட்டா போன் செய்யவில்லை. புத்தகம் அச்சாகி வந்து, அதில் தங்கள் பெயர் இல்லை என்றபோது நோர்டின் வீட்டாரும் போன் செய்யவில்லை. இரண்டு பக்கமும் நாகரிகம் காத்தார்கள். நாற்பத்தெட்டு வருடம் காத்தார்கள். எதிரெதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது மட்டும் தவறவில்லை.

இந்த வருடம் கவுண்டிக்கு நூற்றைம்பது வயது. இரண்டாவது புத்தகம். கோர்ட்டின் நிலவறையில் மறுபடி லியோட்டா, துணைக்கு நான். சாலைகளும் பாலங்களும் என் அத்தியாயம். குடும்பங்களுக்கெல்லாம் கடிதம் போனது. மே மாதம் நோர்டின் வீட்டிலிருந்து ஓர் அட்டை வந்தது. இப்போது அங்கே இருப்பது வெர்னன் நோர்டின், எழுபத்து நான்கு வயது. 'வேண்டாம், நன்றி. வெ. நோர்டின்' என்று எழுதியிருந்தான்.

லியோட்டா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மிலோ, கதவைச் சாத்து."

"இங்க நம்ம ரெண்டு பேரும் ஒரு எலியும்தான் இருக்கோம்."

"சாத்துன்னா சாத்தேன்!"

சாத்தினேன். கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேலே பென்சிலில் 'மிஸ் கூபிசெக், புத்தகத்துக்கு' என்று இருந்தது. உள்ளே கோடு போட்ட தாளில் ஒரு பக்கம். கீழே சிக்னே நோர்டின் என்று கையெழுத்து, 1976 மார்ச் இரண்டு என்று தேதி. சிக்னே, வெர்னனின் அம்மா.

"கெடு மார்ச் முப்பத்தொண்ணு" என்றாள் லியோட்டா.

தேதியை மறுபடி பார்த்தேன்; கெடுவுக்கு நான்கு வாரம் முன்பே எழுதியது. அவளே சொன்னாள். அந்த வருடம் பிப்ரவரியில் அவள் பக்கத்து வீட்டுக்காரர் இறந்து, லூத்தரன் கோவிலில் அடக்கச் சாப்பாடு. லியோட்டா மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் நூடுல்ஸும் கோழியும் செய்து கொண்டுபோயிருக்கிறாள். பாத்திரம் அங்கேயே தங்கிவிட்டது. மார்ச் முதல் வாரம் கோவில் சமையலறையில் வேலை முறை சிக்னேவுக்கு. இங்கே யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. சிக்னே கழுவித் துடைத்து, உள்ளே இந்த உறையை வைத்து, மூடியை டேப் போட்டு ஒட்டி, லியோட்டாவிடம் சேர்க்கச் சொல்லி இன்னொரு பெண்மணியிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் மேல் அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள்.

"நீ போய் உன் பாத்திரத்தைக் கேட்டிருக்கலாமே?"

"பாத்திரத்தை யாராவது போய்க் கேப்பாங்களா? தானா வரும்னு இருந்தேன்."

அதுவும் சரிதான். இங்கே எவரும் கேட்கமாட்டார்கள். 1979-ல் சமையலறையைப் புதுப்பித்தபோதுதான் அலமாரியிலிருந்து எடுத்து, அடியில் பெயர் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் மூடியைத் திறந்தால் உறை.

"அப்பவே போய்ச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"போகணும்னுதான் நெனச்சேன். அந்த வாரம் அறுவடை. அறுவடை நேரத்துல யார்கிட்ட போய்ப் பேசறது? அப்புறம் அவங்க வயல்ல ஆலங்கட்டி மழை. அந்தத் துக்கத்துல இது எதுக்குன்னு விட்டேன். அடுத்த வருஷம் போலாம்னேன். ஒவ்வொரு வருஷமும் வெக்கம் கூடிக்கிட்டே போச்சு மிலோ. தொண்ணூத்தொண்ணுல சிக்னே போய்ச் சேந்துட்டாங்க. அப்புறம் யார்கிட்ட சொல்ல?"

"இப்ப?"

"இப்ப இந்தப் பக்கம் புத்தகத்துல வரணும். வெர்னன் சம்மதிக்காம போட முடியாது. நான் சாகறதுக்குள்ள மூணாவது புத்தகம் வராது."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. யார் பிறந்த தேதியில் ஒரு நாள் பிசகினாலும் விடாதவள், நாற்பத்தைந்து வருடம் இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போல்கா ஆடியிருக்கிறாள். சொல்லியும்விட்டேன். அவள் மறுக்கவில்லை. "வண்டி ஓட்டறியா?" என்று மட்டும் கேட்டாள். தனியாகப் போக அவளுக்குப் பயம்.

அச்சகத்துக்கு ஜூலை பதினைந்துக்குள் தர வேண்டும். அதற்குள் ஜூன் அறுவடை வந்துவிட்டது. கோதுமை காய்ந்து நிற்கும்போது இங்கே யாரும் யார் வீட்டுக்கும் பேசப் போவதில்லை. வெர்னன் காலைப் பனி காய்ந்ததும் இயந்திரத்தில் ஏறினால் இரவுப் பனி விழும்வரை இறங்கமாட்டான். நாங்கள் மழைக்குக் காத்திருந்தோம். கவுண்டியே மழை வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, லியோட்டா மட்டும் பூசையில் என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. ஜூன் இருபத்தாறில் அரை அங்குலம் பெய்தது. வயல் நனைந்தால் இரண்டு நாள் அறுக்க முடியாது. மறுநாள் காலை போனோம்.

அவள் கையில் ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு அவள் போய் நான் பார்த்தது அன்றுதான்.

"ஒரு ஆப்பிள் பை கூடச் சுடலையா?"

"பலகாரம் குடுத்து வாயடைக்கப் போறேன்னு நெனைக்கக் கூடாது."

வெர்னன் கொட்டகையில் அறுவடை இயந்திரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்தான்.

"மழை எவ்வளவு உங்க பக்கம்?" என்றான் என்னிடம். முதலில் மழையைப் பேசாமல் இங்கே வேறு பேச்சு கிடையாது.

"நாப்பது. உனக்கு?" அங்குலத்தை நூறாகப் பிரித்த கணக்கு.

"அம்பது இருக்கும்." பிறகு லியோட்டா பக்கம் திரும்பினான். "அட்டை வந்துச்சுங்களா?"

"வந்துச்சு வெர்னன். அதுக்குத்தான் வந்தேன்."

"ஒரு தடவ சொன்னா சொன்னதுதானுங்களே."

"அது இல்ல. இது உங்களோடது. என்கிட்ட நாப்பத்தஞ்சு வருஷமா இருக்கு."

உறையை நீட்டினாள். அவன் பென்சில் எழுத்தைப் பார்த்தான். அம்மாவின் எழுத்து அவனுக்குத் தெரியாதா? தாளை வெளியே எடுத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்து படித்தான். அவன் படித்து முடித்ததும் லியோட்டா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாத்திரம், அலமாரி, 1979. தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. என்னிடம் சொன்ன ஆலங்கட்டி மழையைக்கூடச் சொல்லவில்லை.

வெர்னன் தாளை மடித்து முழங்காலில் வைத்தான்.

"அம்மா நாலாங்கிளாஸ் வரைக்கும்தான். இங்கிலீஷ் சரியா எழுத வராது. நான் எழுதித் தரேம்மான்னேன். நானே எழுதறேன்னாங்க. புத்தகம் வந்த வருஷம் நன்றித் திருநாள் சாப்பாடு. அத்தை, சித்தப்பா, எல்லாரும் இருக்காங்க. உன்னால ஒரு பக்கம் எழுத முடியல, அதான் நம்ம பேரே இல்லன்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். நான் எழுதிக் குடுத்தேன்டான்னாங்க. குடுத்தா எங்க போச்சுன்னேன். பேசாம எந்திரிச்சு உருளைக்கிழங்கு எடுத்துட்டு வரப் போயிட்டாங்க. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

கொட்டகைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"எழுபத்தொம்பதுல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான் வெர்னன். "அம்மா தொண்ணூத்தொண்ணு வரைக்கும் இருந்தாங்க. பன்னண்டு வருஷம் லியோட்டா. ஆறு மைல்தான்."

"ஆமா" என்றாள் லியோட்டா.

"ஆறு மைல்."

"ஆமா வெர்னன்."

அவன் எழுந்து, தாளை உறைக்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "வயலப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஈரச் சேற்றில் நடந்து போய்விட்டான். நாங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் காரில் ஏறினோம். லிண்டால் வரும்வரை லியோட்டா அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அழவேண்டிய விஷயம்தானே.

ஜூலை பன்னிரண்டாம் தேதி பிற்பகல். பக்கங்களெல்லாம் கட்டி வைத்தாயிற்று. நிலவறைப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அறுவடை முடிந்து, குளித்து, தலைவாரி, வெர்னன் வந்து நின்றான். உறையை மேசையில் வைத்தான்.

"எத்தனை மூட்டை?" என்றேன்.

"ஏக்கருக்கு அம்பத்திரெண்டு புஷல். பரவால்ல." பிறகு லியோட்டாவிடம், "எழுத்துப் பிழை இருக்கு. திருத்தாதீங்க" என்றான்.

"யாரோடதையும் நான் திருத்தறதில்ல."

"என் பேரு, பிள்ளைங்க பேரு எதுவும் சேக்க வேணாம். அம்மா எழுதினது மட்டும் போதும். ஆனா கீழ ஒண்ணு போடணும். இது நேரத்துக்கு வந்து சேந்துச்சுன்னு. எங்க அத்தைக்குத் தொண்ணூத்தாறு வயசு, இன்னும் இருக்காங்க. அவங்க படிக்கணும்."

"போடறேன்" என்றாள் லியோட்டா.

அவன் தலையசைத்துவிட்டுப் படியேறினான். அவள் அப்போதே தட்டச்சு செய்யத் தொடங்கினாள். நான் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'நோர்டின் குடும்பம் 1878-ல் வந்தது. முதல் வருடம் ஆலங்கட்டி. இரண்டாம் வருடம் மழை இல்லை. மூன்றாம் வருடம் நல்ல கோதுமை. அதனால் இருந்துவிட்டோம். கல் கம்பம் இருநூற்றுப் பத்து என் மாமனார் நட்டார். நான் 1938-ல் இந்த வீட்டுக்கு வந்தேன். மாடு, கோழி, தோட்டம் என் பொறுப்பு. என் கணவர் இல்லை. மகன் வெர்னன் இருக்கிறான். கோபக்காரன். ஆனால் அவன் உழுத சால் நேராக இருக்கும். சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம்.'

கடைசி வரிகளை இரண்டு முறை படித்தேன். மகனைப் பாராட்டி எங்கள் ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிக்னே அதை எழுதி, கவுண்டி முழுக்கப் படிக்கட்டும் என்று கொடுத்திருக்கிறார்.

லியோட்டா அதன்கீழ் வெர்னன் கேட்டதைத் தட்டினாள். நிறுத்தாமல் இன்னும் ஒரு வரி தட்டினாள். எட்டிப் பார்த்தேன்.

"இது அவன் கேக்கலையே?"

"கேக்கல."

"கவுண்டி முழுக்கப் படிக்கும் லியோட்டா. இன்னும் நூறு வருஷத்துக்குப் படிக்கும்."

"அதுக்குத்தானே புத்தகம் போடறோம்" என்றாள்.

ஆகஸ்டில் கவுண்டிக் கண்காட்சி. ஆட்டுப்பட்டிக்கும் பீட்ரூட் ஊறுகாய் அலமாரிக்கும் நடுவே எங்களுக்கு ஒரு மேசை, நான்கு நாற்காலி, அடுக்கடுக்காகப் புத்தகம். வாங்குகிற எவரும் முதலில் தங்கள் குடும்பப் பக்கத்தைத்தான் திறந்தார்கள். அதைப் படித்துத் திருப்தியானபின் மற்றதைப் புரட்டினார்கள். மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. வருகிறவர்கள் முந்நூற்று நான்காம் பக்கத்தில் நோர்டின் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, லியோட்டாவைப் பார்த்துவிட்டு, வெயில் அதிகம் என்றார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து எல்லோருக்கும் ஆமாம், வெயில் அதிகம் என்று சொன்னாள்.

இரண்டு மணிக்கு வெர்னன் அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். வரிசை தானாக விலகி வழி விட்டது. அவன் பக்கத்தைத் திறந்து அத்தையின் மடியில் வைத்து, விரலால் கடைசி வரிகளைக் காட்டினான். அந்தக் கிழவி உரக்கத்தான் படிப்பாள், காது கேட்காது.

"இந்தப் பக்கம் 1976 மார்ச்சில் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. சிக்னே நோர்டின் கொடுத்தார். தவறவிட்டதும், பிறகு தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் நான். லியோட்டா கூபிசெக்."

கிழவி வெர்னனை நிமிர்ந்து பார்த்தாள். "சிக்னே எழுதியிருக்காடா."

"ஆமா அத்தை."

"நீ அன்னைக்கு அவள அவ்வளவு பேசினியே."

"ஆமா அத்தை. பேசினேன்."

அவன் அந்த வரிகளை மறுபடி தானே படித்தான். அந்தக் கடைசி வரி இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது. வரிசையில் நின்றவர்கள் ஆட்டைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்கள். லியோட்டாவின் கை மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெர்னன் அத்தையின் நாற்காலியை நிழலில் நிறுத்தினான். மேசையைச் சுற்றி வந்து, லியோட்டாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினான்.

"எத்தனை மணி வரைக்கும் இங்க?" என்று அவளைக் கேட்டான்.

"நாலு வரைக்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்கு அவனே ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினான்.